தாடிக்கல்

அந்தக் கல்லின் மேல் எண் நிற்கவே இல்லை. முதலில் அது எனக்கு வேலைத் தொந்தரவாக மட்டும்தான் தெரிந்தது.

கணவருக்கு ஆவடியிலிருந்து ஹைதராபாத்துக்கு மாற்றலாகி, லோத்குண்டாவில் வாடகைக்கு வீடு பிடித்துக் குடிவந்த வருஷம் அது. ஆவடியில் நான் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்தவள். இங்கே வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் தேடியபோது, ஒரு அறக்கட்டளை நடத்தும் சின்ன மியூசியத்தில் ஆள் வேண்டும் என்று தெரிந்தது. முன்கூடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பொருட்களுக்கெல்லாம் ஏற்கெனவே எண்ணும் விவரமும் உண்டு. பின்னறையில் இருந்தவற்றுக்கு எதுவும் இல்லை. அவை பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்ப்பதற்கென்று வைத்திருந்தவை. எலும்புகள், சங்குகள், பழைய பூட்டுகள், தராசுத் தட்டு, கற்கள். இவற்றைத் தகரப் பெட்டிகளில் பிரித்துப் போட்டு, கேட்கும் பள்ளிகளுக்கு ஒரு வாரம் இரவல் கொடுப்பார்கள். எது எங்கே போயிருக்கிறது, எது திரும்பி வரவில்லை என்று யாரைக் கேட்டாலும் தெரியாது. அதற்கு ஓர் ஒழுங்கு கொண்டுவரத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள்.

வேலை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு பொருளையும் எடுத்துத் துடைத்து, படம் பிடித்து, எடை போட்டு, எதனால் ஆனது என்று கம்ப்யூட்டரில் பதிந்து ஓர் எண் கொடுப்பேன். எண்ணை நேராகப் பொருளின் மேல் எழுதக் கூடாது. நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு கோடு தடவி, காய்ந்ததும் அதன் மேல் மெல்லிய பேனாவால் எழுதி, மேலே இன்னொரு கோடு தடவ வேண்டும். வேண்டாமென்றால் பிற்பாடு துடைத்து எடுத்துவிடலாம். புத்தக முதுகில் எண் ஒட்டிப் பழகிய கைக்கு இது சுலபமாக வந்தது.

அந்தக் கல் மட்டும் அடங்கவில்லை. உள்ளங்கை அகலத்தில் சாம்பலும் பச்சையுமான ஒரு பாறைத் துண்டு. அதன் உடம்பு முழுக்க வெள்ளை வெளேரென்று, பட்டு நூலை நெருக்கி அடுக்கியது போல இழைகள். தூரிகை பட்டதும் இழைகள் கொத்தாக அதனோடு வந்துவிட்டன. ஓரத்தில் தடவிப் பார்த்தேன். அங்கேயும் மாவும் பஞ்சுமாக உதிர்ந்தது. கடைசியில் ஒரு சின்ன அட்டையில் எண்ணை எழுதி நூலால் கட்டிவிட்டேன். மேஜையில் உதிர்ந்து கிடந்ததைக் கையால் வழித்துக் குப்பைக்கூடையில் போட்டேன். விரல்களைத் தேய்த்துப் பார்த்தால் வழவழவென்றிருந்தது.

அது ‘தொட்டுப் பார்’ என்ற பெட்டியைச் சேர்ந்தது. சொரசொரப்புக்கு ஒரு நுரைக்கல், வழுவழுப்புக்கு ஓர் ஆற்றுக் கூழாங்கல், ஏடு ஏடாகப் பிரியும் மைக்கா, மென்மைக்கு இந்தக் கல். ஒரு கல் பூனை மாதிரி இருக்கும் என்று எந்தப் பிள்ளை எதிர்பார்க்கும்? அந்தப் பெட்டியிலேயே இதற்குத்தான் கிராக்கி. தெலுங்குப் பிள்ளைகள் இதைக் கட்டம் ராயி என்றார்கள். தெலுங்கில் கட்டம் என்றால் தாடி, ராயி என்றால் கல். நான் வீட்டில் மகளிடம் சொல்லும்போது தாடிக்கல் என்றேன்.

பெட்டிகளை வைத்துப் பாடம் நடத்தியவர் ஒரு தெலுங்குக்காரர். என்னைவிட இருபது வயது மூத்தவர். மியூசியத்தில் எல்லாருக்கும் அவர் மேடம். நானும் அவரும் பேசிக்கொண்டது பாதி ஹிந்தி, பாதி இங்கிலீஷ், நடுநடுவே என் அரைகுறைத் தெலுங்கு. நான் வருவதற்குப் பல வருஷங்களுக்கு முன்பிருந்தே அவர் இந்தப் பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போய்வந்திருக்கிறார். பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லி, கையில் கல்லை வைத்து, இது மிருகமா, செடியா, கல்லா என்று கேட்பார். முயல் என்பார்கள், பஞ்சு என்பார்கள். கண்ணைத் திறந்ததும் வகுப்பே அதிரும். எல்லாம் முடிந்தபின் தட்டில் உதிர்ந்து கிடக்கும் பஞ்சை முகத்துக்கு நேரே தூக்கிப்பிடித்து ஊதுவார். ஜன்னல் வெயிலில் இழைகள் மினுங்கிக்கொண்டு வெகுநேரம் மிதக்கும். பிள்ளைகள் குதித்துக் குதித்து அவற்றைப் பிடிப்பார்கள். நானும் கதவருகே நின்று பார்த்து ரசித்திருக்கிறேன்.

இரவல் போய்வந்த பெட்டியைத் திரும்ப எடுத்து வைக்கும்போது ஒவ்வொன்றையும் மறுபடி எடை போடும் வழக்கத்தை நான்தான் தொடங்கினேன். உடைந்தாலோ சில்லு பெயர்ந்தாலோ எடை காட்டிக்கொடுத்துவிடும். தாடிக்கல்லின் எடை ஒவ்வொரு முறையும் குறைந்தது. தராசில் கோளாறு என்று நினைத்துக் கூழாங்கல்லை வைத்துப் பார்த்தேன். அது சரியாகவே இருந்தது. மேடமிடம் கேட்டேன்.

அவர் சிரித்தார். “அது நான்தான். சரியாச் சொன்ன பிள்ளைக்கு ஒரு இழை பிச்சுக் குடுப்பேன். பென்சில் பாக்ஸ்ல வச்சுப் பத்திரமாப் பாத்துக்குவாங்க.”

“இப்படியே போனா கல்லே மிஞ்சாது, மேடம்.”

“நான் வேலைக்குச் சேர்ந்தப்ப இதைப் போல ரெண்டு மடங்கு இருந்துச்சு,” என்றார். அதைச் சொன்னபோது அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது.

எடைக்கான காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் கம்ப்யூட்டரில் ‘எதனால் ஆனது’ என்ற இடம் மட்டும் காலியாகவே கிடந்தது. யாரோ ஒரு எஞ்சினியர் எப்போதோ கொடுத்தது என்பதற்கு மேல் மேடமுக்கும் தெரியவில்லை. எங்கள் செயலாளர் மூன்று தலைமுறையாக ஹைதராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்காரர். அவருடைய தமிழில் ஊர் ஹிந்தி பாதிக்குப் பாதி கலந்திருக்கும். “கல்லுன்னு போட்டு விடும்மா. கைக்கு இவ்வளவு யோசனை?” என்றார். கைக்கு என்றால் எதற்கு. எனக்கு அப்படி விட மனம் வரவில்லை. தார்நாகாவில் ஒரு தோழி இருந்தாள். கோயம்புத்தூர்க்காரி. அங்கே ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் பாறைகளைப் பற்றிய வேலைதான் அவளுக்கு. அவளிடம் காட்டிவிடலாம் என்று செயலாளரிடம் சொல்லிவிட்டு, ஒரு சனிக்கிழமை கல்லை பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். பக்கத்திலேயே மகளின் டிபன் டப்பா. அவளும் கூட வந்தாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

தோழி காபி கொண்டுவந்து வைத்தாள். நான் கவரை எடுத்து முடிச்சை அவிழ்க்கப் போனேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

“ஏங்க, அதத் தொறக்காதீங்க.”

அவள் குரல் உயரவில்லை. எழுந்து உள்ளே போய்க் கெட்டியான ஜிப் கவர் இரண்டும் ஈரத்துணியும் கொண்டுவந்தாள். முதலில் மகளைப் பால்கனிக்கு அனுப்பினாள். கல்லை என் கவரோடு சேர்த்து ஜிப் கவர்களில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு மூடினாள். மேஜையைத் துடைத்த ஈரத்துணியையும் இன்னொரு கவரில் போட்டாள். அதன் பிறகுதான் உட்கார்ந்தாள்.

“இது கல்நாருங்க. ஆஸ்பெஸ்டாஸ். கடப்பா பக்கம் முன்னாடி தோண்டிட்டு இருந்தாங்க. திங்கக்கிழமை லேப்ல வச்சு உறுதி பண்ணிச் சொல்றேன். ஆனா எனக்குச் சந்தேகம் இல்ல.”

“கூரைக்குப் போடுவாங்களே, அந்த ஷீட்டா?”

“அந்த ஷீட்டுல சிமெண்டோட இறுகிக் கிடக்கறது இதுதானுங்க. ஒடைக்காத வரைக்கும் அங்க கட்டுப்பட்டுக் கிடக்குது. இது எந்தக் கட்டும் இல்லாமக் கிடக்குது. இழுத்தா கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பிரிஞ்சுக்கிட்டே போகும். மூச்சுல உள்ள போனா நுரையீரல்ல குத்திட்டு நின்னுக்கும். வெளிய வராது.”

“போனா என்ன ஆகும்?”

“இப்ப ஒண்ணும் ஆகாதுங்க. அதுதான் இதோட வம்பே. இருபது வருஷம், முப்பது வருஷம் சத்தமே இருக்காது. அப்புறம்தான் வரும், வர்றதா இருந்தா.” என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சற்று மெதுவாகச் சொன்னாள். “ஒரு தடவை, ரெண்டு தடவை தொட்டவங்களுக்கு ஆபத்து ரொம்பக் கம்மிங்க. நீங்க பயப்படாதீங்க. தினம் தினம் இதோட பொழங்கினவங்கதான்...” அவள் நிறுத்திவிட்டு, “இத யாருங்க கையில எடுக்கறாங்க?” என்றாள்.

மேடமைப் பற்றிச் சொன்னேன். தட்டைத் தூக்கி ஊதுவதைச் சொன்னபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பால்கனிக் கதவு திறந்துதான் இருந்திருக்கிறது. மகள் அங்கிருந்தே தெலுங்கில் சொன்னாள்: “நா தக்கர கூடா உந்தி, ஆன்ட்டி.” என்னிடமும் இருக்கிறது.

திரும்பி வரும் வழியெல்லாம் பஸ் ஜன்னலுக்கு வெளியே அந்தச் சாம்பல் நிறக் கூரைகளாகவே தெரிந்தன. ஒர்க்‌ஷாப்புகளுக்கு மேல், டீக்கடைக்கு மேல், ஒரு சுவரோரம் உடைத்துக் குவித்த துண்டுகளாக. அன்றுவரை இந்த ஊரில் நான் ஒரு கூரையைக்கூட ஏறிட்டுப் பார்த்ததில்லை.

வீட்டில் மகளின் பென்சில் பெட்டியைத் தோழி சொன்னபடி ஈரத்துணியால் பிடித்துத் திறந்தேன். சாக்லேட் சுற்றிய ஜிகினாத் தாளில் மடித்து வைத்திருந்தாள். நடுவில் பென்சில் சீவல் தூளோடு ஒரு வெள்ளைக் கொத்து. ஒரு விடுமுறை நாளில் மியூசியத்துக்கு வந்தபோது சரியாகப் பதில் சொல்லி வாங்கியதாம்.

“ஏட்டி, இவ்வளவுதானா? யாருக்காவது குடுத்தியா?”

“பெஞ்ச்மேட்கி இச்சானு,” என்றாள். பக்கத்தில் உட்காருகிறவளுக்குக் கொடுத்திருக்கிறாள். பிறகு கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, “ஆம் ஐ சிக், மம்மி?” என்று கேட்டாள்.

இல்லை என்றேன். அது உண்மையும்தான்.  கணவர் வந்ததும் இருவருமாக அவள் மேஜை, அலமாரி, பள்ளிப் பை எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்தோம். அவர் வேலையிடத்தில் பாதுகாப்பு விதிகளோடு பழகியவர். ஒவ்வொரு துணியையும் மடித்துக் கவரில் போட்டபடி, “உங்க மேடம்கிட்ட எப்படிச் சொல்லப் போற?” என்று மட்டும் கேட்டார்.

திங்கட்கிழமை தோழியிடமிருந்து ஒரு வரிச் செய்தி வந்தது. உறுதி. பின்னறைக் கதவைச் சாத்திவிட்டு மேடமிடம் சொன்னேன். தோழி என்னிடம் சொன்ன வரிசையிலேயே சொன்னேன், வேறு வழி தெரியவில்லை.  முடித்ததும் அவர் சுவரில் பிள்ளைகளோடு எடுத்த படங்களைப் பார்த்தபடி, “நேனு ஊதேதான்னி கதா,” என்றார். நான்தானே ஊதினேன்.

“தெரியாமப் பண்ணதுதானே, மேடம்.”

“தெரிஞ்சாலும் தெரியலைன்னாலும் அது உள்ள போயிருக்கும்ல?”

அவருக்கு வெகுநாளாகவே ஒரு செருமல் இருந்தது. சாக்பீஸ் தூசி, வாத்தியார் தொண்டை என்று எல்லாரும் நினைத்திருந்தோம். அன்று முழுவதும் அவர் செருமிய ஒவ்வொரு முறையும் நான் வேலையை விட்டு நிமிர்ந்து பார்த்தேன். அவரும் அதைக் கவனித்தார் என்று நினைக்கிறேன். மாலைக்குள் தொண்டையை அடக்கிக்கொள்ளப் பழகியிருந்தார். அது இன்னும் மோசமாக இருந்தது.

மறுநாள் செயலாளர் அறையில் மூவரும் உட்கார்ந்தோம். அவர் நல்ல மனிதர். சொந்தப் பணத்தைப் போட்டு அந்த இடத்தை ஓட்டிக்கொண்டிருந்தவர். விஷயம் புரிந்ததும் அவருக்கு வியர்த்துவிட்டது.

“கல்லை எடுத்தாச்சுல்ல? அப்புறம் என்ன? வெளிய சொல்றது நக்கோம்மா, வேண்டாம். பேப்பர்ல வந்துச்சுன்னா ஒரு ஸ்கூல் நம்ம பக்கம் திரும்பாது. பெத்தவங்க வாசல்ல வந்து நிப்பாங்க. உன் தோழியே சொன்னாங்கல்ல, ஒரு தடவை தொட்டா ஆபத்து இல்லைன்னு?”

“கம்மின்னு சொன்னாங்க, சார். இல்லைன்னு சொல்லல. அதோட, இழை இன்னும் பிள்ளைங்க பென்சில் பாக்ஸ்ல இருக்கு. தினமும் திறந்து பாக்குறாங்க. என் பொண்ணே வச்சிருந்தா.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேடம் அதுவரை பேசவில்லை. இப்போது ஹிந்தியில், மிகச் சாதாரணமாகச் சொன்னார்: “நீங்க யாரும் சொல்ல வேண்டாம், சார். நான்தான் அவங்க கையில வச்சேன். என் குரல் அவங்களுக்குத் தெரியும். நானே போன் பண்றேன்.”

செயலாளர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு சரி என்றார்.

யாருக்குப் போன் செய்வது? நான் வந்தபிறகு போன இரவல்கள் என் கம்ப்யூட்டரில் இருந்தன. அதற்கு முந்தைய வருஷங்கள் எங்கேயும் இல்லை, மேடமின் நினைவில் தவிர. மதியங்களில் பின்னறையில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். அவருக்குப் பள்ளிகளின் பெயர் உடனே வராது. வேப்பமரத்தடியில் வகுப்பு நடத்திய பள்ளி. மின்விசிறி சுழன்றதால் பஞ்சு கூரை வரை பறந்த பள்ளி. குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் தையல்கடைக்கு மேல் இரண்டே அறைகளில் நடந்த பள்ளி. அங்கே ஜன்னலே கிடையாது என்றார். சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். அந்தப் பள்ளி இப்போது இல்லை. விசாரித்ததில், அந்த இடத்தில் ஓர் அபார்ட்மெண்ட் எழும்பியிருந்தது. அங்கே படித்த பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று யாரிடம் கேட்பது?

தோழி ஒரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தாள். உதறாதீர்கள், பெருக்காதீர்கள், ஈரத்தாளில் மடித்து இரண்டு கவரில் போட்டு எங்களிடம் கொண்டுவாருங்கள். மேடம் ஒவ்வொரு பள்ளியாக அழைத்தார். ஒரு தலைமையாசிரியை நன்றி சொல்லி அன்றைக்கே வகுப்பு வகுப்பாகப் போய்க் கேட்டார். இன்னொருவர் பரீட்சை முடியட்டும் என்றார். வேறொருவர், பெற்றோர்களுக்குத் தெரியக்கூடாது என்ற நிபந்தனையோடு பேசினார். பலர் திரும்ப அழைக்கவே இல்லை. மெல்ல மெல்லக் கவர்கள் வரத் தொடங்கின. தீப்பெட்டியில், குங்குமச் சிமிழில், பாடப்புத்தகத்தின் நடுப்பக்கத்தோடு கிழித்து, சில சமயம் ஜாமெட்ரி பாக்ஸ் முழுதாகவே. கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு, கவரைத் திறக்காமலே ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தேன். அத்தனையையும் எண்ணிப் பார்த்தபோதும் மேடம் பிய்த்துக் கொடுத்த இழைகளில் சிறு பங்குதான் திரும்பி வந்திருந்தது.

ஒரு நாள் இளைஞர் ஒருவர் வந்தார். ஐடி கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. அக்கா மகளின் பள்ளியில் சொன்னார்களாம், கேட்டதும் நினைவு வந்ததாம். அந்தக் குகட்பள்ளித் தையல்கடைப் பள்ளியில் படித்தவர். பழைய டைரி ஒன்றை நீட்டினார். மேடமைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. “நீங்க குடுத்த பிரைஸ் மேடம், இன்னும் வச்சிருக்கேன்,” என்றார். நான் கையுறையோடு டைரியை வாங்கிக் கவரில் போட்டு மூடியதும் அவர் சிரிப்புக் குறைந்தது. மேடம் அவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னார்.

“என் பையனுக்கு எடுத்துக் காட்டுவேன், மேடம்,” என்றார் அவர். “கன்னத்துல தடவிக் காட்டுவேன். சிரிப்பான்.”

மேடம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஆபத்து மிகக் குறைவு என்று சொன்னார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். இளைஞர் போனபிறகு முகத்தைக் கழுவப் போன மேடம் வெகுநேரம் வரவில்லை.

கல்லும் கவர்களும் ஒரு நாள் அதற்கென்று உரிமம் உள்ளவர்களின் வண்டியில் போயின. அறையை ஆள் வைத்துச் சுத்தம் செய்தோம். ‘தொட்டுப் பார்’ பெட்டி இன்னும் பள்ளிகளுக்குப் போகிறது. இப்போதெல்லாம் எதனால் ஆனது என்று தெரியாத எதற்கும் நான் எண் கொடுப்பதில்லை. தெரியாதவை தனி அறையில் பூட்டிக் கிடக்கின்றன.

மேடம் வருஷா வருஷம் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக்கொள்கிறார். துணைக்கு நான் போவேன். அவருக்குக் குழந்தைகள் இல்லை. கணவரிடம் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை என்று சொன்னார். இந்த முறையும் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சுத்தமாக இருக்கிறது, அடுத்த வருஷம் வாருங்கள் என்றார்.

“எத்தனை வருஷம் வரணும், டாக்டர்?” என்று மேடம் கேட்டார்.

“உங்களுக்கு வயசு என்ன?”

சொன்னார். டாக்டர் மனசுக்குள் எதையோ கூட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. “வந்துக்கிட்டே இருங்க,” என்றார்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே இரானி ஹோட்டலில் டீ சொன்னோம். மேடம் பிஸ்கட்டை நனைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

“டாக்டர் கணக்குப் போட்டார், பாத்தீங்களா? கடைசியா ஊதினதுலேருந்து இருபது வருஷம், முப்பது வருஷம்னா எனக்கு அது வர்றதுக்குள்ள நானே போயிடுவேன். அதனாலதான் அவருக்குக் கவலை இல்ல,” என்றார். பிறகு, “பிள்ளைங்களுக்கு அப்ப ஒன்பது வயசு, பத்து வயசு,” என்றார்.

 மேஜைக்கு மேலே கூரையில் பழைய சாம்பல் நிறத் தகடுகள். ஒன்றின் ஓரம் உடைந்திருந்தது. நான் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

“உங்க பொண்ணு இப்ப எந்த வகுப்பு?” என்று மேடம் கேட்டார்.

எட்டாவது என்றேன். அவர் தலையசைத்துவிட்டு டீயைக் குடித்தார்.